கார்டின் அடியில் நின்ற பெயர்

எங்கள் அச்சுக்கடைக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. அந்த அம்மாள் படித்தார்.

சுவரில் நாங்கள் ஒட்டி வைத்திருந்தவை நான்கு மாதிரித் தாள்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதி. வேண்டிய தாளைக் காட்டி, "இந்த மாதிரி அடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அவரோ முதல் தாளின் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார்.

"மணமகன் கட்டமுத்து, த/பெ நல்லதம்பி. மணமகள் காளியம்மா."

வாசித்துவிட்டுச் சிரித்தார். வெட்கப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு. இடது கையில் ஒரு கல்யாணக் கார்டு இருந்தது. வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டும், கார்டின் ஓரம் வியர்வையில் வளைந்திருந்தது.

இரண்டாவது தாளுக்கு நகர்ந்தார். கட்டமுத்துவின் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. "ரெண்டு பொடியன்களா!" என்றார், எங்களைப் பார்த்து. மூன்றாவது தாளில் கட்டமுத்து வீடு கட்டிக் குடிபோகிறார். அதை வாசித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே கோவிந்தன் அண்ணன் மிதித்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரம் நின்றுவிட்டது. நின்றபிறகுதான் அதுவரை அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மண்ணெண்ணெய் வாசனையும் மை வாசனையும் திடீரென்று கூடினாற்போல இருந்தது.

நான்காவது தாளுக்கு இன்னும் ஓர் அடிதான். எனக்கு அவர் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் போல இருந்தது.

தலை, வயிறு, கால்

ஈப்போவில், சிலிபின் அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதாமல் விட்டதற்கு அந்தச் சுவர்தான் காரணம். நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் மேல் சிலிர்க்கிறது. அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளி நடராஜா ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவரால் இருக்க முடியாது. தேநீர்க் கோப்பையின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு விதி உண்டு.

எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு கார்டுக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முழுப் பக்கத்தையும் கோர்ப்போம். அடித்து முடித்ததும் அத்தனையையும் பிரித்துத் திரும்பப் பெட்டியில் போடுவோம். ஐயா ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஏன் பிள்ளை, ஒவ்வொரு கார்டுக்கும் தலையிலயிருந்து கால் வரைக்கும் புதுசாக் கோர்க்கிறியள்? தலையும் காலும் எல்லாருக்கும் ஒண்டுதானே?"

அன்றிலிருந்து பக்கத்தை மூன்றாகப் பிரித்தோம். மேலே சாமி பெயர் போட்ட தலை. அடியில், 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' என்று தொடங்கி எங்கள் அச்சகத்தின் பெயரோடு முடியும் கால். இவை இரண்டும் எல்லாக் கார்டுகளுக்கும் பொது. நடுவில் இருக்கும் வயிறு மட்டும் கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டி, பிரிக்காமல் தட்டுகளில் அடுக்கி வைத்தோம். ஆள் வந்தால் தலையையும் காலையும் பூட்டி, பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். வேலை பாதியாகக் குறைந்தது.

என் மகள் இப்போது கணினியில் இதே வேலையைத்தான் செய்கிறாள். வலைச் செயலிக்குப் பக்கம் அமைக்கிறாளாம். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தலை, ஒரு கால், நடுவில் மாறுகிற பகுதி என்று எனக்கு விளக்கினாள். "பொதுவானதுல ஒண்ணை மாத்தினா எல்லாப் பக்கத்துலயும் மாறிடும்மா" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தெரியாதா? ஒருமுறை கல்யாணத்துக்காகப் பொதுக் காலில் சேர்த்த வரியைக் கழற்ற மறந்துபோய், 'குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்று கருமாதிக் கார்டில் அடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். செத்தவரின் மருமகன் படித்துவிட்டு, "பரவால்லலா, மாமாவுக்குக் கூட்டம் புடிக்கும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "மாதிரிப் பக்கத்துல யார் பேரைப் போட்டிருக்க?" சும்மா ஏதோ ஒரு பேர் என்றாள். சும்மா ஒரு பேர் என்று ஒன்று கிடையாது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இல்லாத ஆளின் வாழ்க்கை

கடையில் என்னோடு எழுத்துக் கோர்த்தவர் லெட்சுமி அக்கா. கை அவ்வளவு வேகம், வாய் அதைவிட வேகம். கருமாதி வயிற்றைக் கட்டி முடித்த அன்று, செத்தவர் பெயர் வரும் இடத்தில் எழுத்தில்லாத வெறும் ஈயக் கட்டைகளை வைத்தேன். அவர் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அடியே சரசு! சாவுப் பக்கத்தை எவளாச்சும் காலியா வெப்பாளா? காலியா இருந்தா அது ஆளு தேடும்லா! ஏதாச்சும் ஒரு பேரைப் போடு."

ஐயா இதற்கெல்லாம் சிரிப்பார். ஆனாலும் போடச் சொன்னார். மாதிரி பார்க்கிறவர்களுக்குப் பெயரோடு இருந்தால்தான் புரியும் என்பது அவருடைய கணக்கு. அப்புறம் எல்லாத் தட்டிலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டால் ஒழுங்காக இருக்குமே என்றார்.

அப்படித்தான் கட்டமுத்து பிறந்தார். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம். ஒருவர் பெயர், ஒருவர் தகப்பன் பெயர், ஒருவர் பெண்டாட்டி பெயர், ஒருவர் அவர் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்தின் பெயர். யாரும் எங்குமே கேள்விப்படாத ஒரு தோட்டமாக இருக்கட்டும் என்று 'பாலாற்றுத் தோட்டம்' என்று வைத்தோம். பொதுக் காலிலும் அவர் பெயர்தான். 'கட்டமுத்து த/பெ நல்லதம்பி குடும்பத்தினர்.'

பிறகு கட்டமுத்து எங்களோடு ஒருவராகிவிட்டார். கடையைத் திறக்கும்போது கோவிந்தன் அண்ணன், "என்ன கட்டமுத்து, சுகமா?" என்று சுவரைக் கேட்பார். லெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமைகளில் கருமாதித் தட்டின் ஓரத்தில் துளி விபூதி வைப்பார். தாள்கள் வெயிலில் மங்கிப் பழுப்பேறியபோதும் அந்தப் பெயர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெயருக்குப் போட்டவை புதிதாக வாங்கிய எழுத்துகள், மை நன்றாக ஏறியிருக்கும் என்று ஐயா காரணம் சொன்னார். நியாயமான காரணம்தான்.

ஒருநாள் புதுமனைக் கார்டுக்காக வந்த ஒரு பெரியவர், சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஐயோ, கட்டமுத்து செத்துட்டாரா? போன தைப்பூசத்துலதான பாத்தேன்."

அவர் போகும்வரை அடக்கி வைத்து, போனதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சனங்கள் அப்படித்தான். எந்தப் பெயரைச் சொன்னாலும் தெரியும் என்பார்கள்.

நான்காவது தாள்

அந்த அம்மாள் நான்காவது தாளையும் வாசித்தார். இந்த முறை வாய்விட்டு வாசிக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. 'இறைவனடி சேர்ந்தார்' என்ற வரியில் விரல் நின்றது. பிறகு மெல்ல முதல் தாளுக்குத் திரும்பிப் போனார்.

"இதையெல்லாம் யாரு அடிக்கக் குடுத்தது?" என்று கேட்டார். "காளியம்மா எங்க இருக்கா?"

லெட்சுமி அக்கா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார். வந்தவர் பெயர் அஞ்சலை. சித்தியவான் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கையிலிருந்த கார்டு ஜெலாப்பாங்கில் நடந்த ஒரு கல்யாணத்துக்கானது, எங்கள் கடையில் அடித்தது. நீட்டினார். அடியில், மணமக்களின் குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில், கழற்ற வேண்டிய வரி கழற்றப்படாமல் அப்படியே நின்றது. 'கட்டமுத்து த/பெ நல்லதம்பி குடும்பத்தினர்.' யார் கையில் விட்டுப்போனது என்று நாங்கள் பிற்பாடு நாள்கணக்கில் சண்டை போட்டோம்.

"கல்யாணத்துக்கே போனேன். இப்படி ஒரு சொந்தமே எங்களுக்கு இல்ல, கார்டு கடையில போய்க் கேளுங்கன்னாங்க."

ஐயா அவர் எதிரே வந்து நின்றார். "அவர் உங்களுக்கு யார், அம்மா?"

"எங்கண்ணன்."

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துக்கு லோரி வந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். சோறும் துணியும் தருவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அஞ்சலை அக்கா அப்போது சின்னப் பெண். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"அவன் கைய ஆட்டுனான். இடது கையி. சுண்டுவெரல் பாதிதான் இருக்கும். பால் வெட்டுற கத்தி பட்டுப் போச்சு. அந்தக் கையத்தான் ஆட்டுனான்."

போனவன் வரவில்லை. செத்தான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. தாயார் கண்ணை மூடும்போது, பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் என் மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்காதே என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அதனால் திதி கிடையாது. அண்ணன் இருக்கிறானா, இல்லையா? அந்த ஒரு கேள்வியோடு அந்த மனுஷி இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்.

"தோட்டம் பேருதான் வேற" என்றார். "அதனால என்னலா, சயாமுலேந்து வந்தவன் வேற தோட்டத்துல வேலைக்கு நின்னுருப்பான். ஆனா காளியம்மா சரிதான். அடுத்த லயத்துப் புள்ள. அவளத்தான் கட்டுவேன்னு ஆத்தாகிட்ட சண்ட போட்டான். அவளும் ஜப்பான் சண்டை முடிஞ்சப்போ எங்கேயோ போயிட்டா."

காளியம்மா என்ற பெயர் தோட்டத்துக்குப் பத்து இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐயாதான் உண்மையைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. இது நாங்களாகக் கற்பனை செய்த பெயர், இப்படி ஒரு ஆள் இல்லை, கல்யாணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, சாவும் இல்லை என்றார். சொல்லச் சொல்ல அவர் குரலும் இறங்கிக்கொண்டே போனது. அஞ்சலை அக்கா அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சரி. உங்கள்ல யாரு இந்தப் பேரச் சொன்னது?"

கோவிந்தன் அண்ணன்தான் என்றேன் நான். அவர், ஐயாதான் என்றார். ஐயா, லெட்சுமிதான் என்றார். லெட்சுமி அக்கா என்னைக் காட்டினார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அன்று ஒரு குரல் அந்தப் பெயரைச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அது தன் குரல் இல்லை என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

"அவனப் பாத்தேன்னு யாராச்சும் வந்தாங்களா?"

ஐயா என்னைப் பார்த்தார், சொல்லாதே என்று. லெட்சுமி அக்கா வாயை யாரால் மூட முடியும்? "ஒருத்தர் வந்தாருக்கா. தைப்பூசத்துல பாத்தேன்னாரு."

"அது சும்மா சொன்னது" என்றார் ஐயா. "சனம் அப்பிடித்தான், அம்மா."

"சும்மா சொன்னாலும் சொன்னாருல்ல" என்றார் அஞ்சலை அக்கா.

வேறு பெயர்

அஞ்சலை அக்கா எழுந்து சுவரருகே போனார்.

"ஒண்ணு உயிரோட வைங்க. இல்லாட்டி செத்துட்டான்னு வைங்க. ஒரே செவத்துல ரெண்டும் வேணாம்லா."

"எதை எடுக்கச் சொல்லுறியள்?" என்றார் ஐயா.

அவர் நான்காவது தாளைக் கிழித்துக் கீழே போட்டார். பிறகு கருமாதித் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைத் தன் கண் முன்னால் பிரிக்கச் சொன்னார். லெட்சுமி அக்கா எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க, அவர் உள்ளங்கையை நீட்டினார். கை முழுக்க மை. அந்த எழுத்துகளை முந்தானையில் முடிந்துகொண்டார். நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை.

பெயர் இருந்த இடம் பல் விழுந்த வாய் போலத் திறந்து கிடந்தது. லெட்சுமி அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சீக்கிரம் வேற பேரு சொல்லுங்க" என்றார்.

"மாரிமுத்து" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"எங்க லயத்துலேந்து ஒரு மாரிமுத்து போனான், அதே லோரில" என்றார் அஞ்சலை அக்கா.

"அருச்சுனன்" என்றேன் நான்.

லெட்சுமி அக்கா தலையை ஆட்டினார். "எங்க தாய்மாமன். வரல."

கோவிந்தன் அண்ணன் இன்னொரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமலே மூடிக்கொண்டார். அது அவருடைய அப்பாவின் பெயர் என்று பிறகு சொன்னார். அவர் அப்பா சயாமுக்குப் போனவர் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமும் ஒன்றாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

கடைசியில் அந்த இடத்தில் வெறும் கட்டைகளையே வைத்தேன். இந்தத் தடவை லெட்சுமி அக்கா கத்தவில்லை.

அஞ்சலை அக்கா மற்ற மூன்று தாள்களையும் சுவரிலிருந்து பக்குவமாக உரித்து வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அடியில இருக்குற பேர மட்டும் எடுத்துராதீங்க தவுக்கே. அது ஊர் ஊராப் போவுதுல்ல? நான் பாத்தேன். அவனும் ஒருநா பாப்பான்."

எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கிற ஐயா அதை மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஓம் பிள்ளை, அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

கால் வரி

பொதுக் காலின் கடைசியில், அச்சகத்தின் பெயருக்கும் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில் அந்த வரியைக் கட்டினோம். 'கட்டமுத்து த/பெ நல்லதம்பி.' குடும்பத்தினர் என்பதை எடுத்துவிட்டோம். ஈப்போவிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் நாங்கள் அடித்த ஒவ்வொரு கல்யாணக் கார்டிலும், ஒவ்வொரு கோயில் திருவிழா நோட்டீசிலும் அவர் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டமுத்து என்பதுதான் முதலாளி பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் கடைக்கு வந்து ஐயாவையே, "வணக்கம் கட்டமுத்து சார்" என்றார்கள். ஐயாவும் வணக்கம் சொல்வார்.

அஞ்சலை அக்கா எப்போதாவது வருவார். முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, புதிதாக அடித்த கார்டுகளை எடுத்து அடியில் மட்டும் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

எண்பதுகளில், ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். ஒருநாள் காலையில் ஓர் இளைஞன் வந்து நின்றான். அஞ்சலை அக்காவின் மூத்த மகன் என்றான். சொல்லாமலே புரிந்தது. கருமாதிக் கார்டுக்கு வந்திருந்தான்.

தட்டை நானே எடுத்தேன். கட்டைகளை நீக்கிவிட்டு, அவர் பெயரைக் கோர்த்தேன். கீழே பிள்ளைகளின் பெயர்கள். வழக்கம்போலத் தலையையும் காலையும் பூட்டினேன். முதல் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மேலே, இறைவனடி சேர்ந்த தங்கை. அடியில் அண்ணன், துக்கத்தைச் சொல்லும் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். பையனிடம் எதையும் சொல்லவில்லை. அந்த வரியையும் தொடவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து, எங்களுக்கென்று எடுத்து வைத்த பலகாரங்களோடு அவன் மறுபடியும் வந்தான். போகும்போது, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"கருமாதியன்னிக்கு வயசான ஒருத்தர் வந்தாரு. எங்களுக்கு யாருக்கும் அவரத் தெரியல. கூடாரத்துக்குள்ள வரவே இல்ல. ஓரமா நின்னு, செத்தது அஞ்சலையான்னு கேட்டாரு. ஆமான்னேன். நம்ம கார்டுதான் கையில இருந்துச்சு, அடியில பாத்துக்கிட்டே இருந்தாரு. சாப்புடக் கூப்புட்டேன், வேணாம்னுட்டுப் போயிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

துக்க வீட்டுக்கு முகம் தெரியாதவர்கள் வருவது சகஜம். அதைத்தான் அவனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் லெட்சுமி அக்கா கேட்டுவிட்டார்.

"தம்பி, அவரு எடது கையப் பாத்தியா?"

பையன் யோசித்தான்.

"இல்லக்கா. அந்தக் கைய அவரு சட்டப் பைக்குள்ளேயே வெச்சிருந்தாரு. கடைசி வரைக்கும் வெளிய எடுக்கல."